விடுபட்ட சொல்

பேர்ணில் எனக்குச் சான்றிதழ் தந்தபோது
இரண்டே இரண்டு கட்டளை:
கூட்டாதே. குறைக்காதே.
பதினொரு வருடமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

புர்க்டோர்ஃப். நவம்பர். மாலை ஐந்தே கால்.
பிள்ளைகளின் கதிரையில் கேதீசின் முழங்கால்
மேசைக்கு மேலே நிற்கிறது.
சீஸ் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தவர்,
உடுப்பு மாற்ற நேரம் கிடைக்கவில்லை.
கைப்பையை மடியில் இறுக்கியபடி நளாயினி.
நடுவில் மகிழ்நன்.
வகுப்பில் அவன் மாக்ஸ்.
'ழ' வராதாம்.
(எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கும் வராது,
அது வேறு கதை.)

ரீசர் ரீச்சர் நல்லவர்,
இதை முதலே சொல்லிவிட வேண்டும்.
பனியில் நனைந்து வந்த ஒரு பிள்ளைக்குத்
தன் காலுறையைக் கழற்றிக் கொடுத்தவர்.
அவர் சிரித்தபடி மூன்று வசனம் சொன்னார்.
நான் ஒன்றரையாக்கினேன்:
"பிள்ளை ஜெர்மன் நல்லாக் கதைக்கிறாராம்.
எதிர்காலம் நல்லா இருக்குமாம்."

"அன்ரி," என்றான் மகிழ்நன்,
"ஆபரை விட்டிட்டீங்கள்."

ஆபர்.
அகராதியில் 'ஆனால்'.
இந்த வசனத்தில் அது ஆனாலும் இல்லை.
'பரவாயில்லையே' என்று சொல்லும்போது
ஒரு புருவம் மட்டும் ஏறுமே,
அந்தப் புருவம்.

பன்னிரண்டு வயது. இரண்டு மொழியும் தெரிந்தவன்.
இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகள்
இப்படி நடுவில் இருந்து
என் வாயைப் பார்த்திருப்பார்கள்?

திரும்பச் சொன்னேன்.
"பரவாயில்லையே, ஜெர்மன் நல்லாக் கதைக்கிறானே
எண்டு சொன்னவ.
உங்கட பின்னணியில வாற பிள்ளைக்கு
ரியால் வகுப்பே காணுமாம்.
வயோதிபர் இல்லங்களில எப்பவும் ஆள் தேவையாம்."

கேதீஸ் தன் நகங்களைப் பார்த்தார்.
"இவன் எங்க பிறந்தவன் எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.
ரீச்சர் கோப்பைத் திறந்தார்.
பிறந்த இடம்: புர்க்டோர்ஃப்.
இரண்டு வருடமாக அந்தக் கோப்பு
அவர் மேசையில்தான் இருக்கிறது.
கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மெல்ல ஏறியது.
"நான் அப்படியா சொன்னேன்?"
என்னைத்தான் கேட்டார்.
"ஓம், ஃபிராவ் ரீசர்" என்றேன்.
அன்று மாலை
யாருடைய வாயிலிருந்தும் எடுக்காமல்
நான் சொன்ன ஒரே வசனம்.

பிறகு அவனைப் பெயரைச் சொல்லச் சொன்னார்.
மகில்நன். மகிர்நன். மகி—
பென்சிலால் எழுதி, அழித்து, எழுதினார்.
கணக்கில் ஐந்தரை எடுத்திருக்கிறான் என்று
தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.
லாச்சிக்குள்ளிருந்து மற்றப் படிவத்தை எடுத்தார்.
ஒன்றும் எழுதவில்லை.
ஆனால் எடுத்தார்.

இங்கே முடிந்திருக்கலாம்.

நளாயினிக்குத் துணிவு வந்துவிட்டது.
"அப்ப இதையும் சொல்லுங்கோ.
அந்த எரித்திரியாக் கறுவலுக்குப் பக்கத்தில விட்டுத்தான்
என்ர பிள்ளை குழப்படி.
அவனை அங்கால மாத்தச் சொல்லுங்கோ."

என் நாக்குப் பழைய ஒழுங்கையில் இறங்கியது:
'இருக்கை மாற்ற முடியுமா என்று அம்மா கேட்கிறா.'
எவ்வளவு சுத்தமான வசனம்.
அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முழுசாகச் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்கும் ஒரு ஜெர்மன் சொல் கிடைத்தது,
தேட வேண்டியிருக்கவில்லை.

ரீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.
"நாங்கள் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை எண்டும் சொல்லுங்கோ"
என்றா நளாயினி.
அதையும் சொன்னேன்.
மணிக்கூடு எங்கள் அரை மணித்தியாலம்
முடிந்தது என்றது.

நடைவழியில் அடுத்தது ஃபில்மோனின் அம்மா.
ஈரக் குடையை ஒதுக்கி
நாங்கள் போக வழிவிட்டா.
நளாயினிக்கு ஒரு மாலை வணக்கம்.
நளாயினி திருப்பிச் சொன்னா, நல்ல ஜெர்மனில்.

படிக்கட்டில் என் கோட்டுக் கையை யாரோ இழுத்தார்கள்.
"அன்ரி,
அம்மா சொன்னது ஃபில்மோனுக்கு..."
மூக்கை உறிஞ்சினான்.
"இதை மட்டும் விட்டிடுங்கோ."